டியர்பார்ன் கிரீன்ஃபீல்டு வில்லேஜ்: ஸ்டீம் ரயிலும் பழைய கிராமமும் பாக்கப் போறவங்க கேக்குற கேள்விகள்

மிச்சிகன்ல கேன்டன் பக்கம் குடி வந்து 11 வருஷம் ஆச்சு. ஒவ்வொரு கோடைக்கும் யாராவது ஒருத்தரோட அப்பா அம்மா ஊர்லேர்ந்து ஆறு மாசத்துக்கு வருவாங்க, நயாகரா முடிஞ்சதும் "பக்கத்துல எங்க கூட்டிட்டு போறது"ன்னு போன் வரும், நான் கிரீன்ஃபீல்டு வில்லேஜ்னு சொல்வேன், உடனே அடுத்தடுத்து கேள்வி வரும். எல்லாரும் கேக்குறது கிட்டத்தட்ட ஒரே கேள்விதான், அதான் மொத்தமா எழுதி வச்சிட்டேன். சிலது அவங்க கேட்ட மாதிரியே போட்டிருக்கேன்.

அக்கா, அது தீம் பார்க்கா, மியூசியமா? என்னதான் இடம் அது?

ரெண்டுக்கும் நடுவுல இருக்கு, ஆனா மியூசியம் பக்கம்தான் அதிகம். ஹென்றி ஃபோர்டு (ஆமா, கார் கம்பெனி ஃபோர்டுதான்) அமெரிக்காவுல பல ஊர்கள்ல இருந்து பழைய வீடு, கடை, பட்டறை, பள்ளிக்கூடம், கோர்ட்டுன்னு வாங்கி டியர்பார்ன்ல ஒரே இடத்துல கொண்டு வந்து நட்டு வச்சார். சுமார் 80 ஏக்கர், 80க்கு மேல பழைய கட்டடங்கள். மரத்தடி, மண் ரோடு, குதிரை வண்டி, பண்ணை, வயல், அதைச் சுத்தி ஒரு ஸ்டீம் ரயில்.

கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்ச மியூசியம் மாதிரி இல்ல. பண்ணை வீட்ல அடுப்பு எரியும், பட்டறைல கண்ணாடி ஊதுவாங்க, அச்சுக்கூடத்துல எழுத்து கோப்பாங்க. ரோலர் கோஸ்டர் எதிர்பார்த்து போனா ஏமாந்துடுவீங்க, அதை முதல்லயே பசங்ககிட்ட சொல்லிடுங்க.

அந்த வீடெல்லாம் நிஜமா, இல்ல சினிமா செட் மாதிரி கட்டி வச்சதா?

பெரும்பாலானது நிஜம். கட்டடத்தை கழட்டி, ரயில்லயும் கப்பல்லயும் கொண்டு வந்து, இங்க திரும்ப கட்டினது. ரைட் சகோதரர்களோட வீடும் சைக்கிள் கடையும் ஓஹையோல டேட்டன் ஊர்ல இருந்தது, 1937ல இங்க வந்தது, ஆர்வில் ரைட்டே கூட நின்னு உதவி பண்ணிருக்கார். அந்த சைக்கிள் கடைலதான் 1903ல பறந்த விமானத்தோட பாகங்களை செஞ்சாங்க. இங்கிலாந்துல காட்ஸ்வோல்டு பகுதில இருந்த 1600கள் காலத்து கல் வீடு ஒண்ணு கடல் தாண்டி வந்திருக்கு. அகராதி போட்ட நோவா வெப்ஸ்டரோட வீடு இருக்கு, ஆபிரகாம் லிங்கன் வக்கீலா வாதாடின இல்லினாய் கோர்ட்டு கட்டடம் இருக்கு.

சிலது மாதிரிக் கட்டடம். அதையும் அவங்க மறைக்கிறதில்ல, கேட்டா இது அசல், இது மாதிரின்னு நேராவே சொல்வாங்க. எடிசனோட மென்லோ பார்க் லேப் ரெண்டும் கலந்தது, பழைய பலகை கிடைச்ச வரைக்கும் போட்டு மீதியை அதே அளவுல திரும்ப கட்டினது. நியூ ஜெர்சிலேர்ந்து அந்த இடத்து மண்ணையே ரயில்ல ஏத்தி கொண்டு வந்து கொட்டி அது மேல கட்டினாராம் ஃபோர்டு. எனக்கு அந்த மண் சமாச்சாரம் ரொம்ப பிடிக்கும், வீடு மாத்துறப்போ பிடிமண் எடுத்துட்டு வர்ற பழக்கம் நம்ம ஊர்லயும் உண்டே.

எப்ப போகலாம்? டிசம்பர் லீவுல ஊர்லேர்ந்து வர்றாங்க

ஏப்ரல் நடுவுல திறப்பாங்க, அக்டோபர் கடைசி வரைக்கும் தினமும் உண்டு. நவம்பர்ல எல்லா நாளும் இருக்காது. டிசம்பர்ல ராத்திரி மட்டும் ஹாலிடே நைட்ஸ்னு தனி டிக்கெட்ல நடக்கும், விளக்கு, பாட்டு, பனி எல்லாம் அழகாத்தான் இருக்கும், ஆனா அது பகல்ல பாக்குற கிராமம் இல்ல, குளிரும் எலும்புக்குள்ள போகும். ஜனவரி, பிப்ரவரி, மார்ச் வில்லேஜ் மூடியிருக்கும், பக்கத்துல இருக்குற உள் மியூசியம் மட்டும் திறந்திருக்கும்.

என்னைக் கேட்டா செப்டம்பர். வெயில் குறைஞ்சிருக்கும், ஸ்கூல் திறந்துட்டதால வார நாள்ல கூட்டம் இருக்காது, பண்ணைல அறுவடை வேலை நடக்கும். அந்த மாசத்துலயே ஓல்டு கார் ஃபெஸ்டிவல்னு ஒரு வார இறுதி வரும், நூறு வருஷத்துக்கு முந்தின கார்கள் தெரு முழுக்க ஓடும். கார் பைத்தியம் இருக்குறவங்க அன்னிக்கு போங்க, அமைதியா பாக்கணும்னா அன்னிக்கு மட்டும் போகாதீங்க.

டிக்கெட் ஒண்ணு வாங்கினா ரயிலும் அதுல சேர்த்தியா?

இல்ல, இதுலதான் நிறைய பேர் வாசல்ல நின்னு குழம்புறாங்க. உள்ள நுழையுற டிக்கெட் தனி. ரயில், மாடல் டி கார் (ஃபோர்டோட பழைய கார்), குதிரை பூட்டின பெரிய வண்டி, கரூசல்ங்கிற குடை ராட்டினம் இதுக்கெல்லாம் தனியா சவாரி டிக்கெட், இல்லன்னா நாள் முழுக்க எல்லாத்துலயும் ஏறிக்கிற பாஸ். குழந்தைங்க இருந்தா யோசிக்காம பாஸ் வாங்கிடுங்க, ஏன்னா ஒரு தடவை ரயில்ல ஏறினவங்க திரும்ப ஏறாம விடமாட்டாங்க. விலை வருஷா வருஷம் மாறுது, அதனால நான் இங்க போடல. வருஷத்துக்கு ரெண்டு தடவைக்கு மேல போவீங்கன்னா மெம்பர்ஷிப் கணக்கு போட்டு பாருங்க, எங்க வீட்ல அப்படித்தான்.

ரயில் எங்க போகும்? எங்கயாவது இறக்கி விட்டுட்டு அப்புறம் கூட்டிட்டு வருவாங்களா?

எங்கயும் போகாது, வில்லேஜை சுத்தி வட்டமா ஒரு ரவுண்டு. சுமார் 2 மைல், நிறுத்தங்களோட சேர்த்து அரை மணி நேரம் ஆகும். ஆனா வழியில ஸ்டேஷன்கள் இருக்கு, எதுல வேணா இறங்கி எதுல வேணா ஏறலாம், அதனால பாஸ் இருந்தா டவுன் பஸ் மாதிரியே உபயோகிக்கலாம். பெட்டிகளுக்கு பக்கவாட்டுல சுவர் இல்ல, திறந்தே இருக்கும், காத்து நல்லா வரும். கண்டக்டர் மைக்ல கதை சொல்லிட்டே வருவார்.

ஸ்மித்ஸ் கிரீக்னு ஒரு ஸ்டேஷன், 1858ல கட்டினது, அதுவும் வேற ஊர்லேர்ந்து வந்ததுதான். எடிசன் சின்னப் பையனா ரயில்ல பேப்பரும் மிட்டாயும் வித்துட்டு இருந்தப்போ லக்கேஜ் பெட்டிலயே கெமிஸ்ட்ரி சோதனை பண்ணி தீப்பிடிச்சு, அவரை இறக்கி விட்டது இந்த ஸ்டேஷன்லதான்னு சொல்றாங்க. 1929 அக்டோபர் 21ல இந்த இடத்தோட திறப்பு விழாவுக்கு 82 வயசு எடிசனும் ஜனாதிபதி ஹூவரும் ஒரு பழைய ரயில்ல வந்து இறங்கினதும் இதே ஸ்டேஷன்ல. ரயில் வரக் காத்திருக்குற நேரத்துல இந்த கதையை பசங்களுக்கு சொல்லுங்க, பிளாட்பாரத்தையே வேற மாதிரி பாப்பாங்க.

நம்ம ஊட்டி ரயில் மாதிரி இருக்குமா?

இருக்காது, ரெண்டும் வேற வேற. நம்ம நீலகிரி ரயில் நிஜமாவே மலை ஏறுது, மேட்டுப்பாளையத்துலேர்ந்து ஊட்டிக்கு 46 கிலோமீட்டர், போகவே கிட்டத்தட்ட 5 மணி நேரம். கல்லார் தாண்டினதும் தண்டவாளத்துக்கு நடுவுல பல் சட்டம் இருக்கும், என்ஜினோட பல் சக்கரம் அதைக் கவ்விக் கவ்வித்தான் மேல ஏறும். அது 1899ல குன்னூர் வரைக்கும், 1908ல ஊட்டி வரைக்கும் திறந்தது, 2005ல யுனெஸ்கோ பட்டியல்ல சேர்ந்தது. பாதையும் குறுகலான மீட்டர் கேஜ்.

இங்க சமவெளி, பல் சக்கரம் கிடையாது, பாதையும் அமெரிக்காவுல சாதாரணமா இருக்குற ஸ்டாண்டர்டு கேஜ், மீட்டர் கேஜை விட அகலம். காட்சின்னு பாத்தா ஊட்டிதான், அதுல சந்தேகமே இல்ல. ஆனா இங்க என்ஜின்கிட்ட ரொம்ப நெருக்கமா போகலாம், டிரைவர் கிட்ட நின்னு பேசலாம், அடுத்த பத்து நிமிஷத்துல அதே என்ஜினை ரிப்பேர் பண்ற ஷெட்டுக்குள்ள நுழைஞ்சு பாக்கலாம். அந்த வாய்ப்பு ஊட்டி ரயில்ல போறவங்களுக்கு அவ்ளோ சுலபமா கிடைக்காது.

நிஜமாவே 1873 என்ஜினா? அவ்ளோ பழசு எப்படி இன்னும் ஓடுது?

நிஜம்தான். டார்ச் லேக்னு பேரு. 1873ல மாசசூசெட்ஸ்ல மேசன் கம்பெனி செஞ்சது, மிச்சிகன் வடக்குல காலுமெட் ஹெக்லா தாமிரச் சுரங்கத்துக்கு தாது இழுத்தது. அதோட விசேஷம் என்னன்னா சாதாரணமா என்ஜினோட பெரிய சக்கரங்கள் சட்டத்தோட இறுக்கமா இருக்கும், இதுல அந்த சக்கரத் தொகுதியே வளைவுக்கு ஏத்த மாதிரி திரும்பும், அதனால சுரங்கத்துக்கு நெளிஞ்சு போற தண்டவாளத்துல தடம் புரளாம ஓடுச்சு. இது தவிர எடிசன் பேர்ல ஒரு என்ஜின், 1897ல பால்ட்வின் கம்பெனி செஞ்ச 7ம் நம்பர் என்ஜின் ஒண்ணு. அந்த 7ம் நம்பரை இங்கயே ஷெட்ல வருஷக்கணக்கா உக்காந்து பழுது பாத்து 2013ல திரும்ப ஓட விட்டாங்க. ஒரு டீசல் என்ஜினும் இருக்கு, நீராவி என்ஜின் படுத்துக்கிட்டா அது இழுக்கும், அதனால ஸ்டீம்தான் வேணும்னா வாசல்லயே இன்னிக்கு எது ஓடுதுன்னு கேட்டுக்கோங்க.

எப்படி ஓடுதுன்னா, பாகங்களை மாத்திட்டே இருக்காங்க, பாய்லரை பிரிச்சு சோதிக்கிறாங்க, தேஞ்ச பாகத்தை கடையில வாங்க முடியாததால அவங்களே கடைஞ்சு செய்றாங்க. தத்துவம் நம்ம இட்லிப் பானைதான்: நெருப்போட சூடு குழாய் வழியா தண்ணிக்குள்ள போகுது, தண்ணி ஆவியாகி வெளிய போக இடமில்லாம முட்டுது, அந்த முட்டலை ஒரு சிலிண்டருக்குள்ள விட்டா பிஸ்டன் முன்னாடி பின்னாடி போகுது, அதுல கம்பி மாட்டினா சக்கரம் சுத்துது. "சுக் சுக்"னு கேக்குறது வேலை முடிஞ்ச ஆவி புகைபோக்கி வழியா வெளிய பாயுற சத்தம். என் பொண்ணு ஆறு வயசுல இதைப் புரிஞ்சுக்கிட்டா, அன்னிலேர்ந்து குக்கர் விசில் வந்தா "அம்மா, பிஸ்டன் மட்டும் இல்ல"ன்னு சொல்வா.

எங்க அப்பா ரயில்வேல இருந்தவர். அவருக்கு என்ன காட்டணும்?

ரவுண்ட்ஹவுஸ். வேற எதையும் பாக்கலன்னாலும் பரவால்ல. மார்ஷல்ங்கிற மிச்சிகன் ஊர்ல 1884ல இருந்த என்ஜின் ஷெட்டோட மாதிரில கட்டி 2000ல திறந்தது. அரைவட்டமா ஷெட், நடுவுல டர்ன்டேபிள், அதாவது என்ஜினை மேல நிறுத்தி திருப்புற சுழல் மேடை. அதை மனுஷங்களே கையால தள்ளித்தான் சுத்துவாங்க, அவ்ளோ எடையும் சரியா சமநிலைல நின்னா ஒண்ணு ரெண்டு பேர் போதும். உள்ள ஒரு பெரிய என்ஜினுக்கு அடியில குழி இருக்கு, இறங்கி நின்னு வயித்துப் பக்கத்தை பாக்கலாம்.

எங்க மாமா பொன்மலை ஒர்க்ஷாப்ல ஃபிட்டரா 34 வருஷம் இருந்தவர். அமெரிக்கா வந்து ரெண்டு மாசமா சோபாவுல உக்காந்து டிவி பாத்துட்டு, எதைக் கேட்டாலும் "ம்"னு மட்டும் சொல்லிட்டு இருந்தார். ரவுண்ட்ஹவுஸ் கதவைத் தாண்டினதும் நின்னுட்டார். எண்ணெய், கிரீஸ், சூடான இரும்பு, அந்த வாசனைதான். அங்க ஒரு வெள்ளைக்கார பெரியவர் ஏதோ பேரிங் துடைச்சிட்டு இருந்தார், மாமா அவர் கிட்ட போய் விரலால ஒரு போல்ட்டைக் காட்டி, கையால முறுக்குற மாதிரி காட்டி ஏதோ கேட்டார், அவரும் கையாலயே பதில் சொன்னார், ரெண்டு பேரும் முக்கால் மணி நேரம் பேசிட்டு இருந்தாங்க. நாங்க வெளிய பெஞ்சுல உக்காந்திருந்தோம். வீட்டுக்கு வர்ற வழில 1970கள்ல பொன்மலைல ஷிப்ட் சங்கு ஊதுற நேரத்துலேர்ந்து ஆரம்பிச்சு கார்ல பேசிட்டே வந்தார்.

அம்மாவுக்கு முட்டி வலி. அவ்ளோ தூரம் நடக்க முடியுமா?

80 ஏக்கரும் நடக்கத் தேவையில்ல. மேல சொன்ன மாதிரி ரயிலை பஸ்ஸா வச்சுக்கோங்க. முதல்ல ஃபயர்ஸ்டோன் ஸ்டேஷன்ல இறங்கினா பண்ணை பக்கத்துலயே, அதை முடிச்சிட்டு திரும்ப ஏறி அடுத்த இடம். குதிரை வண்டியும் சுத்திட்டே இருக்கும். வழியெல்லாம் பெஞ்சும் மரநிழலும் இருக்கு. ஆனா பழைய வீடுகள்ல வாசல்படி உயரம், சிலதுல மாடிப்படி ரொம்பக் குறுகல், அதுக்கு மட்டும் கை பிடிச்சு கூட்டிட்டு போகணும். பாதை சில இடத்துல சரளைக்கல், செருப்பு வேண்டாம், ஷூ போட்டு விடுங்க.

ஒரு நாளைக்கு நாலு இடம், அஞ்சு இடம் போதும்னு முடிவு பண்ணிட்டு போங்க. எல்லாத்தையும் பாக்கணும்னு ஓடினவங்க எல்லாரும் சாயந்தரம் கால் வீங்கி, ஒண்ணும் ஞாபகம் இல்லாம வந்திருக்காங்க.

பழைய டிரெஸ் போட்டுட்டு நிக்கிறாங்களே, அவங்க நடிகர்களா? நாம பேசலாமா?

அவங்க அங்க வேலை பாக்குறவங்க, பேசுறதுதான் அவங்க வேலையே. சும்மா நின்னு போட்டோ எடுத்துட்டு நகர்றவங்களை விட கேள்வி கேக்குறவங்களைத்தான் அவங்களுக்குப் பிடிக்கும். பெரும்பாலும் "நான் 1885ல வாழுறேன்"னு நடிக்க மாட்டாங்க, இந்தக் காலத்து மனுஷராத்தான் பேசுவாங்க, அதனால கூச்சமே வேண்டாம். "இதை எப்படி செய்றீங்க"ன்னு ஒரு கேள்வி போதும், கால் மணி நேரம் ஓடிடும்.

பட்டறைப் பக்கம் போனா கண்ணாடி ஊதுறது, மண்பாண்டம், தகர வேலை, நெசவு, அச்சு எல்லாம் நேர்ல நடக்கும். கண்ணாடி ஊதுற இடத்துல கூட்டம் நிக்கும், நெசவுக்கூடத்துல அவ்ளோ இருக்காது. நம்ம ஆளுங்க நெசவுக்கூடத்தை விடவே கூடாது, ஏன்னு கடைசி கேள்வில சொல்றேன்.

பண்ணை வீட்ல சமைக்கிறாங்களே, நமக்கும் குடுப்பாங்களா?

குடுக்க மாட்டாங்க. ஃபயர்ஸ்டோன் பண்ணைன்னு டயர் கம்பெனி ஹார்வி ஃபயர்ஸ்டோன் பிறந்த வீடு, ஓஹையோலேர்ந்து கொண்டு வந்து 1985ல திறந்தது. 1880கள்ல ஒரு குடும்பம் எப்படி இருந்திருக்குமோ அப்படியே நடத்துறாங்க. விறகடுப்புல சமைக்கிறது அங்க வேலை செய்றவங்களுக்கான மத்தியான சாப்பாடு, அவங்களே மேஜை போட்டு உக்காந்து சாப்பிடுவாங்க, நாம நின்னு பாக்கலாம். சுகாதார விதி காரணமா பார்வையாளர்களுக்கு தர முடியாது. முதல் தடவை பாக்குறப்போ அடுத்தவங்க சாப்பிடுறதை நின்னு பாக்குறது நமக்கு ஒரு மாதிரி இருக்கும், எங்க அத்தை மரியாதையா வெளிய வந்துட்டாங்க. அவங்க கூப்பிட்டு கேள்வி கேக்கச் சொன்னப்புறம்தான் திரும்ப உள்ள போனாங்க.

வெளிய செம்மறியாடுங்களை பாருங்க, தோல் முழுக்க மடிப்பு மடிப்பா இருக்கும், சுருக்கத் தோல் மெரினோ. தோல் பரப்பு அதிகமானா கம்பளி அதிகமா வரும்னு அந்தக் காலத்துல அப்படி வளர்த்திருக்காங்க.

சைவம் சாப்பிடுறவங்க என்ன பண்றது?

உள்ள ஈகிள் டாவர்ன்னு 1831ல கட்டின சத்திரம் இருக்கு, குதிரைக் கோச்சு நின்ன இடம், 1850 காலத்து சாப்பாடு பரிமாறுவாங்க. சூழல் பிரமாதம், சைவத்துக்கு தேர்வு கம்மி, முட்டை கூட சாப்பிடாதவங்க ஆர்டர் பண்றதுக்கு முன்னாடி கேட்டுடுங்க. டேஸ்ட் ஆஃப் ஹிஸ்டரின்னு செல்ஃப் சர்வீஸ் இடமும் இருக்கு. நாங்க காலைல இட்லி நல்லா சாப்பிட்டுட்டு கிளம்பி, மத்தியானம் கார்ல வச்ச தயிர்சாதமும் மாவடுவும் பார்க்கிங்ல சாப்பிட்டுட்டு திரும்ப உள்ள போவோம்.

சாயந்தரம் வெளிய வந்தப்புறம் கவலையே இல்ல. டியர்பார்ன்ல அரபு மக்கள் ரொம்ப அதிகம், ஃபலாஃபல், ஹம்முஸ், பருப்பு சூப், சுடச்சுட ரொட்டின்னு சைவம் நிறைய கிடைக்கும். ஃபலாஃபலை ஊர்லேர்ந்து வந்தவங்ககிட்ட "அவங்க ஊர் மசால்வடை"ன்னு சொல்லிக் குடுங்க, கேக்காம சாப்பிடுவாங்க.

5 வயசுப் பையன் இருக்கான். போர் அடிக்காதா?

அடிக்காது, ஆனா வீடுகளை குறைச்சுக்கோங்க. ரயில், 1913 கரூசல் (குதிரை மட்டுமில்ல, வேற மிருகங்களும் இருக்கும்), மாடல் டி கார், ஆடு மாடு, இதுவே அவனுக்கு ஒரு நாள். மாடல் டில ஏறினா டிரைவர் காலைப் பாக்கச் சொல்லுங்க: மூணு பெடல், இடது கியருக்கு, நடுவுல ரிவர்ஸ், வலது பிரேக், ஆக்சிலேட்டர் காலுக்கு இல்ல, ஸ்டீயரிங் பக்கத்துல கையால இழுக்குற கம்பி. பையன் கவனிக்கிறானோ இல்லையோ கார் ஓட்டுற அப்பாக்கள் வாயைத் திறந்து பாப்பாங்க.

ரயில் ஊதுறதையும் எண்ணச் சொல்லுங்க. ரோடு குறுக்க வர்ற இடத்துல ரெண்டு நீளம், ஒண்ணு குட்டை, ஒண்ணு நீளம். அமெரிக்கா முழுக்க எல்லா ரயிலுக்கும் அதே கணக்கு. அதுக்கப்புறம் வீட்ல ராத்திரி தூரத்துல கூட்ஸ் ரயில் போனாலும் எண்ணுவான்.

ஒரே நாள்ல வில்லேஜ், மியூசியம், டிரக் ஃபேக்டரி மூணையும் முடிக்க முடியுமா?

முடியாது, முயற்சியே பண்ணாதீங்க. மூணுக்கும் தனித்தனி டிக்கெட். ஃபோர்டு டிரக் செய்ற ஃபேக்டரி டூருக்கு மியூசியத்துலேர்ந்து பஸ்ல கூட்டிட்டு போவாங்க. ரெண்டு நாள் இருந்தா ஒரு நாள் வில்லேஜ், ஒரு நாள் மியூசியம். மறைமலை நகர் ஃபோர்டுல வேலை பாத்துட்டு இங்க வந்த நம்ம ஆளுங்க நிறைய பேர் இருக்காங்க, அவங்க குடும்பத்துக்கு மட்டும் ஃபேக்டரியை முதல்ல வைப்பேன். ரயில் பிடிச்சவங்க மியூசியத்துல அலிகேனி என்ஜினை பாக்கணும், 1941ல செஞ்சது, 125 அடி நீளம், டார்ச் லேக் பாத்த கண்ணோட அதுக்கு முன்னாடி போய் நின்னா 70 வருஷத்துல நீராவி எவ்ளோ தூரம் வளந்துச்சுன்னு புரியும். ரோசா பார்க்ஸ்ங்கிற கறுப்பினப் பெண், வெள்ளைக்காரருக்காக சீட்டை விட்டு எழுந்திருக்க மாட்டேன்னு உக்காந்த பஸ்ஸும் அங்கதான் இருக்கு, அதுல ஏறி உக்காரலாம்.

எடிசன் உக்காந்த நாற்காலியை ஆணி அடிச்சு வச்சிருக்காங்களாமே?

ஆமா. பல்பு எரிஞ்சு 50 வருஷம் ஆனதுக்குத்தான் அந்த 1929 திறப்பு விழா. எடிசன் லேப்ல ஒரு நாற்காலில உக்காந்து பழைய மாதிரியே விளக்கை எரிய வச்சுக் காட்டினார். அவர் எழுந்ததும் நாற்காலியை நகத்தக் கூடாதுன்னு ஃபோர்டு அதே இடத்துல தரையோட ஆணி அடிக்கச் சொல்லிட்டார், இன்னும் அப்படியே இருக்கு. லேப்பை பாத்துட்டு எடிசன், நூத்துக்கு தொண்ணூத்து ஒன்பதரை சரி, எங்க தரை மட்டும் இவ்ளோ சுத்தமா இருந்ததில்லன்னு சொன்னாராம். பக்கத்துலயே அவரோட வேலையாட்கள் தங்கின சாரா ஜோர்டன் விடுதி இருக்கு, முதல் முதலா மின் விளக்கு எரிஞ்ச வீடுகள்ல அது ஒண்ணு. லேப் பாக்குறவங்க பாதிப் பேர் அதை விட்டுட்டு போயிடுறாங்க.

கார் செஞ்சு குதிரை வண்டியை ஒழிச்சவரே எதுக்கு குதிரை வண்டி ஊர் கட்டினார்?

நல்ல கேள்வி, இதை ஒரு பத்தாங்கிளாஸ் பையன் கேட்டான். 1916ல ஒரு பேட்டில ஃபோர்டு வரலாறெல்லாம் வெத்துப் பேச்சுங்கிற மாதிரி சொல்லப் போக, அது பெரிய விஷயமாகி, அப்புறம் ஒரு பத்திரிகை மேல போட்ட அவதூறு வழக்குல கூண்டுல நிக்க வச்சு வரலாறு கேள்வியா கேட்டு அவரை மடக்கினாங்க. அவர் சொல்ல வந்தது, புத்தகத்துல இருக்குற வரலாறு ராஜாக்களும் சண்டைகளும்தான், உழவன் கலப்பை பத்தி அதுல ஒண்ணும் இல்லங்கிறது. சாதாரண ஜனங்க எப்படி வாழ்ந்தாங்கன்னு காட்டுற மியூசியம் கட்டுறேன்னு அதுக்கப்புறம்தான் இறங்கினார். சின்ன வயசுல படிச்ச பள்ளிக்கூடம், பிறந்த வீடு எல்லாத்தையும் சேர்த்து கொண்டு வந்தார். அவரோட கார் எதையெல்லாம் மாத்துச்சோ அதையே தேடித் தேடி வாங்கியிருக்கார்னு எனக்கு தோணும்.

அடிமைகள் இருந்த வீடுகள் இருக்காமே, குழந்தைங்களை கூட்டிட்டு போகலாமா?

போகலாம், போகணும். ஜார்ஜியால சவானா பக்கத்து ஹெர்மிடேஜ் தோட்டத்துலேர்ந்து வந்த ரெண்டு செங்கல் குடில்கள். அந்தத் தோட்டத்துல செங்கல் செஞ்சதே அடிமையா வச்சிருந்த மக்கள்தான். உள்ள நின்னு பாத்தா ஒரே அறை, ஒரு அடுப்பு. மேரிலாந்து முதலாளியோட பெரிய தோட்ட வீடு ஒண்ணும் வில்லேஜ்ல இருக்கு, ரெண்டையும் ஒரே நாள்ல பாத்தா பசங்க தானாவே கேள்வி கேப்பாங்க. மேட்டாக்ஸ் குடும்பத்து வீட்டுக்கும் போங்க, விடுதலைக்கப்புறம் சொந்த நிலத்துல வாழ்ந்த கறுப்பினக் குடும்பம், உள்சுவர் முழுக்க செய்தித்தாள் ஒட்டியிருக்கும், காத்து உள்ள வராம இருக்க. எட்டு வயசுக்கு மேலன்னா நேராவே சொல்லுங்க. யார் வாசப்படி வரைக்கும் வரலாம், யார் எந்தக் கிணத்துல தண்ணி எடுக்கலாம்னு பாத்த ஊர்லேர்ந்துதான் நாமளும் வந்திருக்கோம், அதை சேர்த்து சொன்னா பசங்களுக்கு இது யாரோ ஒருத்தர் கதையா தெரியாது.

ஃபோர்டு யூதர்களுக்கு எதிரா எழுதினவர்னு படிச்சேன். அந்த ஆளோட ஊருக்கு காசு குடுத்து போகணுமா?

படிச்சது உண்மை. டியர்பார்ன் இண்டிபென்டென்ட்னு ஒரு பத்திரிகையை அவர் வச்சிருந்தார், 1920கள்ல அதுல யூத வெறுப்புக் கட்டுரைகள் தொடர்ந்து வந்தது, 1927ல வழக்குக்கு நடுவுல மன்னிப்பு கேட்டு பத்திரிகையை மூடினார், ஆனாலும் 1938ல ஹிட்லர் அரசாங்கம் குடுத்த பதக்கத்தை வாங்கிக்கிட்டார். இதை நான் மூடி மறைச்சு சொல்லி யாரையும் கூட்டிட்டு போக விரும்பல. போகாம இருக்குறவங்களை நான் மதிக்கிறேன்.

நான் போறதுக்கு காரணம், அந்த இடம் இப்ப அவரோட சொத்து இல்ல, தனி அறக்கட்டளை நடத்துது, அவர் சேர்த்து வச்சதை வச்சே அவர் நினைச்சுப் பாக்காத கதைகளையும் அங்க சொல்றாங்க. போன கேள்வில சொன்ன குடில்கள்ல நின்னு அங்க வேலை பாக்குறவங்க பேசுறதை கேட்டீங்கன்னா தெரியும்.

இவ்ளோ சொல்றீங்க, எங்க அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாதே, என்ன புரியும்?

எனக்கு வர்ற கேள்விகள்லயே அதிகமா வர்றது இதுதான். நான் பாத்த வரைக்கும் நம்மளை விட அவங்களுக்குத்தான் அங்க அதிகம் புரியுது. விறகடுப்பு, அரிக்கேன் விளக்கு, கிணத்துத் தண்ணி, மாட்டுக் கொட்டகை, இரும்பு தோசைக்கல், இதுல எதையும் அவங்களுக்கு யாரும் விளக்க வேண்டாம். பண்ணை வீட்ல ஒரு பொண்ணு மரத் தொட்டில கம்பை மேலயும் கீழயும் குத்தி வெண்ணெய் எடுத்துட்டு இருந்தா, எங்க அத்தை கொஞ்ச நேரம் பாத்துட்டு கயிறு சுத்தி மத்து கடையுற மாதிரி ரெண்டு கையையும் மாத்தி மாத்தி இழுத்துக் காட்டினாங்க. அந்தப் பொண்ணுக்கு ஒரே ஆச்சரியம், என்னைப் பாத்து மொழிபெயர்க்கச் சொன்னா. பக்கத்துல இருந்தவங்களும் வந்துட்டாங்க. தண்ணி குளிர்ச்சியா இருந்தாத்தான் சீக்கிரம் திரளும்னு அத்தை சொல்ல, அந்தப் பொண்ணு ஆமா ஆமான்னு தலையாட்டினா.

அடுத்து நெசவுக்கூடம். அத்தை பிறந்தது காஞ்சிபுரத்துல, அவங்க அப்பா தறி நெஞ்சவர். அங்க பூ வேலைப்பாடு நெய்யுற ஜக்கார்டு தறி ஒண்ணு இருக்கு, மேல ஓட்டை போட்ட அட்டைகள் வரிசையா கோத்து தொங்கும், எந்த இழை மேல தூக்கணும்னு அந்த ஓட்டைதான் சொல்லும். நான் அதைப் படிச்சு விளக்கலாம்னு பலகை பக்கம் திரும்பினேன், அதுக்குள்ள அத்தை அண்ணாந்து பாத்துட்டு "ஜக்கார்டு பெட்டி"ன்னாங்க. நெசவு செய்றவங்க திரும்பி "ஜக்கார்டு!"ன்னாங்க. ரெண்டு பேருக்கும் பொதுவா தெரிஞ்சது அந்த ஒரு வார்த்தைதான். அவங்க அட்டைக் கோர்வையை கிட்ட வந்து பாக்கச் சொல்லி கையைக் காட்டினாங்க, அத்தை ஒரு அட்டையோட ஓரத்தை காட்டி இது தேஞ்சிருக்கு, சீக்கிரம் மாத்தணும்னு சொல்லுன்னு எங்கிட்ட சொன்னாங்க. சொன்னேன்.